'வேகமா இருக்கு'ன்னு சொன்னா போதுமா? - ஒரு பழைய லேப்டாப்பும் பெரம்பூர் அப்பாவின் நோட்டும்

"மிஸ், நின்னுட்டீங்க!"

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், அந்த மாடி வீட்டிலிருந்து தினமும் மாலை 6 மணிக்கு மேல் இந்தக் குரல் கேட்கும். ஸ்கிரீனில் அக்காவின் முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். பலகையில் எழுதிய பின்னம் பாதியில் நிற்கும். அந்தப் பக்கம் ஆறு பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்தப் பக்கம் அக்காவுக்கு அழுகை வரும்.

எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். கொரோனா நேரத்தில் ஆன்லைனில் ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு பிள்ளை ஆவடியில் இருக்கிறது, இரண்டு மணலியில், ஒன்று ஷார்ஜாவில். கையில் மூன்று வயதுக் குழந்தையோடு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்ட அக்காவுக்கு, மாதம் பிறந்தால் வருகிற ஒரே வருமானம் இதுதான்.

அந்த லேப்டாப், அக்கா 2012-ல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்தது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், இன்டெல் ப்ராசஸர். அக்காவின் டிகிரி, பி.எட்., தம்பியின் டிப்ளமோ எல்லாம் அதில்தான் முடிந்தன. 13 வருடம் உழைத்த பெட்டி. கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்துவிட்டது.

2025 செப்டம்பர் கடைசியில், பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு கெடு சொன்னார். "அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிக்குது. இந்த மெஷின்ல 11 ஏறாது. புதுசு வாங்கிடுங்க."

வீட்டில் இன்னொரு கெடுவும் இருந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இருந்து மொட்டைமாடித் தளம் கசிகிறது. அடுத்த மழைக்குள் அதைச் சரிபண்ண வேண்டும் என்று அப்பா போஸ்ட் ஆபீஸில் மாதாமாதம் கட்டிவந்த பணம் அந்த மாதம்தான் முதிர்ந்தது.

அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். "தளம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பொண்ணு சோறு அந்தப் பொட்டியிலதான் இருக்கு."

தம்பிதான் குறுக்கே வந்தான். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஷிஃப்ட் வேலை. மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர்தான். "ஒரு ரெண்டு வாரம் குடுப்பா. லினக்ஸ் போட்டு, இந்த ப்ராசஸருக்குன்னே கெர்னலைத் தயார் பண்ணி வேகமாக்கிக் காட்டுறேன். காசு வேணாம்."

கெர்னல் என்ற மேஸ்திரி

கெர்னல் என்பது என்ன? கட்டட வேலை நடக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் எல்லோரும் இருப்பார்கள். யாருக்கு எப்போது எவ்வளவு சிமென்ட், யார் எந்தச் சாரத்தில் ஏறலாம் என்று சொல்பவர் மேஸ்திரி. கம்ப்யூட்டரில் நாம் திறக்கும் பிரவுசர், வீடியோ கால் எல்லாம் வேலையாட்கள். ப்ராசஸர், ரேம், டிஸ்க் எல்லாம் சாமான்கள். நடுவில் நிற்கும் மேஸ்திரிதான் கெர்னல். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய கெர்னல்தான் லினக்ஸ். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதற்குள்ளும் இந்த மேஸ்திரியேதான்.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-லேயே வந்துவிட்டது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு அப்டேட் நின்றபோது, அரசு அலுவலகங்களில் 'பாஸ்' போடச் சொன்னது தமிழக அரசு. அதே கதை 11 வருடம் கழித்து இந்த வீட்டுக் கதவைத் தட்டியது.

சாதாரணமாக நாம் இறக்கிப் போடும் லினக்ஸில் வரும் கெர்னல், ரெடிமேட் சட்டை மாதிரி. பழைய ப்ராசஸர், புது ப்ராசஸர், எதில் போட்டாலும் சேர வேண்டும் என்பதால் பொதுவான அளவில் தைத்திருப்பார்கள். கெர்னலின் மூலநிரலை இறக்கி, 'இந்த ப்ராசஸருக்கு ஏற்ற மாதிரி தைத்துக் கொடு' என்று கம்பைலரிடம் சொன்னால் அது டெய்லர் தைத்த சட்டை. முன்பு இதற்கு ஆர்வலர்கள் தனியாக ஒட்டுப்போட்டுக்கொள்வார்கள். 2025 ஜூலையில் வெளியான லினக்ஸ் 6.16-ல், தைக்கும் மெஷினில் இருக்கும் ப்ராசஸரையே அளவாக எடுத்துக்கொள்ளும் வசதி உள்ளேயே வந்துவிட்டது.

தம்பி அதைத்தான் தேர்ந்தெடுத்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி கம்பைல் ஆரம்பித்தது. மறுநாள் விடிந்து அம்மா கோலம் போட்டு முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் சத்தத்தில் குழந்தை இரண்டு முறை எழுந்து அழுதது.

கடைசியில் புது கெர்னல் எழுந்து நின்றபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் பெரிய இடங்களிலும் உண்டு. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வி.காமகோடியின் குழு உருவாக்கிய 'சக்தி' வகை ப்ராசஸரில் லினக்ஸ் ஓடியது என்பதுதான் 2018 ஜூலையில் நாடு முழுக்கச் செய்தி. எவ்வளவு வேகம் என்பது அடுத்த கேள்வி. முதலில் எழுந்து நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அவனுக்கு எழுந்து நின்றது. பிரவுசரைத் திறந்தான், டக்கென்று திறந்தது. மூடித் திறந்தான், இன்னும் டக்கென்று திறந்தது. கீழே போய்ச் சொன்னான். "சூப்பரா ஆயிடுச்சுக்கா. வேகம் அள்ளுது!"

அம்மா பாயசம் வைத்தாள்.

திங்கட்கிழமை மாலை 6.20-க்கு ஷார்ஜா பிள்ளை சொன்னது, "மிஸ், நின்னுட்டீங்க!"

"வண்டி ஓடுச்சா, நீ ஓடுனியா?"

அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை. ஒரு மாணவியின் அம்மா போன் செய்து, "நெட் நல்லா இருக்கிற இடத்துல மாத்திக்கலாம்னு பாக்குறோம் மிஸ்" என்று சொல்லியிருந்தார்.

"நீ வேகமாயிடுச்சுன்னு சொன்னதாலதானடா கடைக்காரர் காட்டின செகண்ட் ஹேண்டையும் வேணாம்னு சொன்னேன்" என்றாள் தம்பியைப் பார்த்து.

"சத்தியமா வேகமா இருந்துச்சுக்கா."

அப்பா அதுவரை பேசவில்லை. ஐசிஎஃப்-பில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த அந்தத் தொழிற்சாலைதான் பெரம்பூரில் பாதி வீடுகளுக்குச் சோறு போட்டது. மெதுவாகக் கேட்டார்.

"எப்படி டெஸ்ட் பண்ண?"

"திறந்து பாத்தேன்பா. ஃபாஸ்ட்டா திறந்துச்சு."

"எத்தனை செகண்டு?"

பதில் இல்லை.

"பழைய கெர்னலு எத்தனை செகண்டு எடுத்துச்சு?"

அதற்கும் பதில் இல்லை.

"அப்ப வண்டி ஓடுச்சா, உன் மனசு ஓடுச்சா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய், அலமாரியிலிருந்து பழைய நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு வேலைக் கதையும் வந்தது.

கோச் தயாரானதும் ஷெட்டில் நிறுத்தி, மேலேயும் பக்கவாட்டிலும் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கும் ஷவர் டெஸ்ட். "நல்லாத்தான் அடைச்சிருக்கேன்"னு ஃபிட்டர் சொன்னதற்காக எந்தக் கோச்சும் அந்த ஷெட்டைத் தாண்டாது. ஓட்டிப் பார்க்கும்போது ஆட்களுக்குப் பதிலாக எடை ஏற்றி ஓட்டுவார்கள். ஏனென்றால் நாளைக்கு அது காலியாக ஓடப்போவதில்லை.

"நீ காலி வண்டிய ஓட்டிட்டு வந்து ரிசல்ட் சொல்ற" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அந்த நோட்டுதான் வீட்டின் டெஸ்ட் ரெஜிஸ்டர்.

நோட்டு சொன்ன பாடம்

தம்பி ஒழுங்காக அளக்க உட்கார்ந்தான். பழைய ரெடிமேட் கெர்னல், அவன் தைத்த கெர்னல், இரண்டையும் வைத்துக்கொண்டான். பெரிய ஃபைல் ஒன்றைச் சுருக்குவது, பிரவுசரைத் திறப்பது, ஒரு வீடியோவை மாற்றுவது என மூன்று வேலைகள். ஒவ்வொன்றும் ஐந்து முறை. நேரத்தைச் சொல்வது கம்ப்யூட்டர், எழுதுவது அப்பா.

முதல் நாள் முடிவில் தம்பி குதித்தான். அவன் கெர்னல்தான் எல்லாவற்றிலும் முன்னால். அப்பா நோட்டைப் புரட்டிவிட்டு, "இது எப்ப எடுத்தது? அது எப்ப எடுத்தது?" என்று கேட்டார்.

புது கெர்னலை விடியற்காலை 5 மணிக்கு, ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் அளந்திருந்தான். பழையதை மதியம் 2 மணிக்கு. மாடியறையில் மேலே தளம், அதற்கு மேலே சென்னை வெயில்.

ப்ராசஸர் ஓரளவுக்கு மேல் சூடானால், எரிந்துபோகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 13 வருடத் தூசி அடைத்த ஃபேன் இருக்கும் மெஷினில் கேட்கவே வேண்டாம். ஆக, அவன் அளந்தது இரண்டு கெர்னல்களை இல்லை. பெரம்பூரின் விடியற்காலையையும் மதியத்தையும்.

இரண்டாவது தப்பு, அந்த 'டக்கென்று திறந்தது'. ஒரு முறை திறந்த ஃபைலை, இடம் இருந்தால் கெர்னல் ரேமிலேயே வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் கையிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். அதனால் எந்தக் கெர்னலாக இருந்தாலும் இரண்டாவது முறை வேகமாகத்தான் திறக்கும். பாயசம் வைத்தது இதற்காகத்தான்.

மூன்றாவது, ஒரு சுற்றில் சார்ஜர் செருகியிருந்தது, இன்னொன்றில் இல்லை. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் சிக்கனமாகத்தான் ஓடும்.

மறுபடி ஆரம்பித்தார்கள். ஒரே நேரம், ஒரே அறை, சார்ஜர் செருகியபடி. ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட். ஒரு சுற்று பழையது, அடுத்த சுற்று புதியது என மாற்றி மாற்றி. முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எழுதினார் அப்பா.

இந்த முறை வந்த எண்களைப் பார்த்து தம்பி வாடிப்போனான். ஒரே கெர்னலை ஐந்து முறை ஓட்டினால் அதற்குள்ளேயே கொஞ்சம் ஏறி இறங்குகிறது. இரண்டு கெர்னலுக்கும் நடுவே இருந்த வித்தியாசம், அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே காணாமல் போய்விட்டது. ஒரு ராத்திரி முழுக்கத் தைத்த சட்டைக்கும் ரெடிமேடுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

ஏன்? புது ப்ராசஸர்களின் பெரிய பலம், பல எண்களை ஒரே மூச்சில் கணக்குப்போடும் தனிக் கட்டளைகள். வீடியோவுக்கும் படத்துக்கும் அவை அவசியம். ஆனால், மேஸ்திரி தன் அன்றாட வேலையில் அவற்றைத் தொடுவதில்லை. தொட்டால், வேலையாட்கள் பாதியில் விட்டுவைத்த கணக்கையெல்லாம் ஒவ்வொரு முறையும் பத்திரப்படுத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்சமாகும் நேரத்தைவிட அதற்கே அதிகம் ஆகும்.

ரகசியக் குறியீடு போன்ற, அந்தக் கட்டளைகள் நிஜமாகவே உதவும் சில இடங்களில், ரெடிமேட் கெர்னலே பூட் ஆகும்போது ப்ராசஸரைப் பார்த்துப் பொருத்தமான வழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் சர்வர்களில் இன்னும் ஒரு படி மேலே. எந்த வழி வேகம் என்று கெர்னலே பூட் ஆகும்போது ஓட்டிப் பார்த்து, எண்ணை எழுதிவைத்து, ஜெயித்ததை எடுத்துக்கொள்ளும். அப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். "அதுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையேடா."

180-ம் 130-ம்

அப்பா இன்னொன்றும் சொன்னார். ரயிலைப் பற்றித்தான்.

2018-ல் பெரம்பூர் ஐசிஎஃப்-பில் உருவானது 'ட்ரெயின் 18'. அப்போதைய பொது மேலாளர் சுதான்ஷு மணி தலைமையில் சுமார் 18 மாதங்களில் தயாரான, தனி இன்ஜின் இல்லாத 16 பெட்டி ரயில். அந்த வருடம் டிசம்பர் 2 அன்று ராஜஸ்தானின் கோட்டா - சவாய் மாதோபூர் பாதையில் சோதனை ஓட்டம். மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டியது. ஷாப்பில் எல்லோருக்கும் ஸ்வீட்.

2019 பிப்ரவரி 15 அன்று அது 'வந்தே பாரத்' என்ற பெயரில் டெல்லி - வாரணாசிக்குக் கிளம்பியது. அங்கே அதற்கு அனுமதிக்கப்பட்ட வேகம் 130.

"வண்டியில கொற இல்ல. டிராக்கு, சிக்னலு, வளைவு, அதெல்லாம் சேந்துதான் வேகம்" என்றார் அப்பா. "உன் லேப்டாப்புல டிராக்கு எது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேட, தம்பிக்கு அக்கா உதவி தேவைப்பட்டது. அக்கா சொன்னாள், "நீங்க ரெண்டு பேரும் ஃபைல சுருக்கிக்கிட்டு இருக்கீங்க. நான் என்னைக்குடா ஃபைல சுருக்குனேன்? என் கிளாஸ்ல வந்து உக்காந்து, பிள்ளைங்க எத்தனை தடவை 'நின்னுட்டீங்க'ன்னு சொல்றாங்கன்னு எண்ணு. அதான் டெஸ்ட்டு."

அவளுக்குத் தெரியாது, இதே யோசனையைக் கெர்னல் உலகத்தில் சொன்னவர் ஒரு டாக்டர் என்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கான் கோலிவாஸ், ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். பொழுதுபோக்காகக் கெர்னலில் இறங்கியவர். வீட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பவருக்குப் பாட்டு விக்கக் கூடாது, மவுஸ் சிக்கக் கூடாது என்பது அவர் கவலை. அதை அளக்கவே தனி டெஸ்ட் புரோகிராம்களை எழுதினார். பின்னணியில் கனமான வேலையை ஓடவிட்டு, முன்னால் இருக்கும் ஆடியோவும் வீடியோவும் எவ்வளவு தாமதமாகின்றன என்று பார்ப்பார். காலி வண்டி இல்லை, எடை ஏற்றிய வண்டி.

தம்பி அக்காவின் கிளாஸில் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு கையில் பேனா. ஸ்கிரீனின் ஓரத்தில் ப்ராசஸர், ரேம், டிஸ்க் மூன்றின் நிலையைக் காட்டும் சிறு ஜன்னல்.

"நின்னுட்டீங்க" வந்த ஒவ்வொரு முறையும் ஒரே காட்சிதான். ரேம் நிரம்பி வழிகிறது. இடம் போதாமல் கெர்னல் பழைய சாமான்களை ஹார்டு டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது, வேண்டும்போது தேடி எடுத்து வருகிறது. டிஸ்க்கின் சிறு விளக்கு அணையாமல் எரிகிறது. அந்த நொடிகளில் ப்ராசஸர்? பெரும்பாலும் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது.

எந்த ப்ராசஸருக்காக ராத்திரி முழுக்கத் தைத்தானோ, அது வேலையில்லாமல் நின்றது.

பிரேக்கைக் கழற்றினால் வேகம்தான்

அதற்கு முன்பே ஒரு ராத்திரி, தம்பிக்கு ஒரு குறுக்குவழி கிடைத்திருந்தது. இந்தக் கதையில் அவன் யாருக்கும் சொல்லாமல் செய்தது அது ஒன்றுதான்.

2018 ஜனவரி 3 அன்று, கூகுள் ஆய்வாளர்களும் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் இன்னும் சிலரும் கண்டுபிடித்த இரண்டு ஓட்டைகள் வெளியே வந்தன. மெல்ட்டவுன், ஸ்பெக்டர். ப்ராசஸர், 'அடுத்து இதைத்தான் கேட்பார்கள்' என்று யூகித்து முன்கூட்டியே வேலை செய்துவைக்கும். அந்த யூகத்தின் தடயத்தை வைத்து, ஒரு புரோகிராம் தனக்குச் சம்பந்தமில்லாத ரகசியங்களை ஊகிக்க முடியும் என்பதுதான் ஓட்டை. மெல்ட்டவுன் பெரும்பாலும் இன்டெல் ப்ராசஸர்களைத் தாக்கியது.

கெர்னல்காரர்கள் அதை அடைத்தார்கள். எந்த ப்ராசஸருக்கு எந்த அடைப்பு என்று பார்த்துப் பார்த்து. ஆனால், அடைப்புக்கு விலை உண்டு. புரோகிராம் ஒவ்வொரு முறை மேஸ்திரியிடம் போய்வரும்போதும் ஒரு கதவைத் திறந்து மூட வேண்டும். பழைய ப்ராசஸர்களில் அந்தக் கதவு இன்னும் கனம். பூட் ஆகும்போது ஒரு சொல்லைச் சேர்த்தால் இந்த அடைப்புகளை எல்லாம் மொத்தமாக நீக்கிவிடலாம்.

தம்பி நீக்கினான். நிறைய குட்டிக் குட்டி ஃபைல்களைத் திறந்து மூடும் டெஸ்ட்டை ஓட்டினான். முதல்முறையாக, ஏற்ற இறக்கத்தைத் தாண்டி நிற்கும் வித்தியாசம். ஐந்து முறையும். காலை நோட்டை அப்பாவிடம் நீட்டினான். "பாருப்பா, இது மனசு இல்ல. எண்ணு."

அப்பா எண்ணைப் பார்த்தார். நம்பினார். "என்ன பண்ண?"

சொன்னான்.

"அந்த மெஷின்ல அக்கா வேற என்ன பண்றா?"

ஃபீஸ் கணக்கு, பேங்க் வெப்சைட், பிள்ளைகளின் அப்பா அம்மா போன் நம்பர், அவளுடைய கோர்ட் பேப்பர்களின் ஸ்கேன். எல்லாம் அதில்தான். அதோடு நாள் முழுக்கத் திறந்திருக்கும் பிரவுசர். வெப்சைட்டுக்குள் ஓடும் சாதாரண நிரலாலேயே ஸ்பெக்டர் ஓட்டையைச் சுரண்ட முடியும் என்று அப்போதே காட்டியிருந்தார்கள்.

"கோச்சுல பிரேக்கைக் கழட்டிட்டா எடை குறையும். வேகமும் கூடும். டெஸ்ட் ரிப்போர்ட்டுல எண்ணும் சரியா வரும்" என்றார் அப்பா. "கையெழுத்து யார்ரா போடுவா?"

தம்பி அன்று ராத்திரியே அந்தச் சொல்லை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தான். நோட்டில் அந்த ஐந்து எண்களையும் அப்பா அடிக்கவில்லை. பக்கத்தில் 'எடுத்தாச்சு. வேணாம்' என்று மட்டும் எழுதிவைத்தார். கிடைத்த ரிசல்ட்டை மறைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் முடிந்த கதை

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் மகனும் ரிச்சி ஸ்ட்ரீட் போனார்கள். பழைய லேப்டாப்புக்குச் சேரும் ரேம் ஒன்று, செகண்ட் ஹேண்டில். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சின்ன எஸ்எஸ்டி. சுற்றும் தட்டும் அதன்மேல் நகரும் முள்ளும் இல்லாததால், எங்கே கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கும். ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒரு டியூப். எல்லாம் சேர்த்தும் புது லேப்டாப் விலையில் ஒரு சின்னப் பங்குதான். தளத்துக்கு வைத்த பணத்தில் கை வைக்காமல், தம்பியின் அந்த மாதச் சம்பளத்திலேயே முடிந்தது.

வீட்டில் வந்து ஃபேனைக் கழற்றினார்கள். 13 வருடத் தூசி மெத்தை மாதிரி வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இத வெச்சுக்கிட்டா ராத்திரி பூரா ஓட்டுன?" என்றாள்.

மாட்டி முடித்ததும் தம்பி "சூப்பரா இருக்கு" என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு பக்கம், அடுத்த நாள் ஒரு பக்கம் என்று நோட்டை எடுத்து எழுதினான். இந்த முறை வித்தியாசத்தைப் பார்க்கப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. எடை ஏற்றிய வண்டியிலும்.

அவன் தைத்த கெர்னல் என்னவாயிற்று? எடுத்துவிட்டான். ரெடிமேட் கெர்னலுக்குப் பாதுகாப்பு அப்டேட் தானாக வரும். சொந்தமாகத் தைத்தால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அவனே உட்கார்ந்து மறுபடி தைக்க வேண்டும். அவனுக்கு ஷிஃப்ட் மாறினாலோ, வேலை மாறி வெளியூர் போனாலோ, அக்காவுக்கு அதைச் செய்யத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றபோது, அந்த மெஷினில் விண்டோஸே இல்லை. அதே வாரம் மாடியில் கொத்தனாரும் இரண்டு ஆட்களும் பழைய சுண்ணாம்பைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் தாங்காமல் அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, அடுப்படி வாசலில் உட்கார்ந்து கிளாஸ் எடுத்தாள். தளம் முடிந்தது. முடிந்த அன்று அப்பா மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்திவிட்டு, கீழே வந்து ஒரு மணி நேரம் விட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷவர் டெஸ்ட்.

மாற்றிக்கொள்ளலாம் என்று போன் செய்த அம்மா, மகளை மாற்றவில்லை. தீபாவளி முடிந்து புதிதாக ஒரு பிள்ளையும் சேர்ந்திருக்கிறது.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வேறு. அக்காவுடையது. தேதி போட்டு, பக்கத்தில் 'நின்னுட்டீங்க' என்று எழுதி, அதற்கு எதிரே ஒவ்வொரு நாளும் ஓர் எண். முதல் வாரத்தில் எல்லா நாளும் பூஜ்ஜியம். இரண்டாவது வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் 1. பக்கத்தில் சிறிய எழுத்தில் குறிப்பு: 'மழை. கரன்ட் கட்.'

அப்பா அந்தப் பக்கத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.